‘அசூஃப்’ என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? துவாரெக் கிட்டார் இசை பற்றி ஒரு கேள்வி

அங் மோ கியோ தொண்டூழியர்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வட்டார நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடும் தமிழ் வாசிப்புக் குழுவின் அடுத்த சந்திப்பில், பிறநாட்டு இசை ஒன்றை அறிமுகப்படுத்தும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. சகாராவில் வாழும் துவாரெக் மக்களின் கிட்டார் இசையைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக வேலை முடிந்து வீடு திரும்பும்போது தினாரிவென் குழுவின் பாடல்களைத்தான் கேட்டுவருகிறேன். பீஷானைத் தாண்டி ரயில் மேம்பாலத்தில் ஏறும் இடத்தில், ஒரு சொல்லும் புரியாத அந்தப் பாட்டு ஏன் தொண்டையை அடைக்கிறது என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

அவர்களுடைய மொழியான தமாஷெக்கில் ‘அசூஃப்’ என்று ஒரு சொல் இருக்கிறது. இந்த இசையைப் பற்றி யார் எழுதினாலும் அந்தச் சொல்லிடம் வந்துதான் நிற்கிறார்கள்; இந்த இசையையே அந்தப் பெயரால் அழைப்பவர்களும் உண்டு. ஏக்கம், தனிமை, ஊர் நினைவு என்று பல பொருள் சொல்கிறார்கள். என் குறிப்புகளுக்கு ‘புலம்பெயர்வின் இசை’ என்று தலைப்பிட்டேன்; எழுதி முடித்தபின் அது எனக்கே உறுத்தியது. கூட்டத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். சிலர் ஜொகூர்த் தோட்டங்களில் பிறந்து இங்கே வந்தவர்கள். சிலர் தமிழ்நாட்டிலிருந்து இளவயதில் கப்பலேறியவர்கள். ‘புலம்பெயர்வு’ என்று நான் தொடங்கினால் ஒவ்வொருவரும் தம் கதையை அதில் கேட்பார்கள், துவாரெக் மக்களின் கதை அதற்குள் மறைந்துவிடும் என்று அஞ்சுகிறேன்.

அசூஃபுக்குத் தமிழில் பொருத்தமான சொல் எது என்பது என் முதல் கேள்வி. பாடலின் சொற்கள் புரியாத நிலையில், நாடிழந்த உணர்வை இந்த இசையில் எந்த இடத்தில் சுட்டிக்காட்ட முடியும் என்பது இரண்டாவது. இசை அறிந்தவர்களும் தமிழ் அறிந்தவர்களும் உதவ வேண்டுகிறேன்.

ஆறுகம்பி:

வணக்கம். நான் கிட்டார் கற்றுக்கொடுப்பவன் என்பதால் இரண்டாம் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

என் பார்வையில், நாடிழந்த நிலை இந்த இசையின் சொற்களில் வருவதற்கு முன்பே அதன் கருவியில் வந்துவிடுகிறது. துவாரெக் மரபில் இம்ஸாத் என்னும் ஒற்றை நரம்பு வில்வாத்தியத்தைப் பெண்கள்தான் வாசிப்பார்கள். டெண்டே என்னும் முரசும் பெண்களுடையது. தெஹார்டென்ட் என்று தோல் போர்த்திய மீட்டுக்கருவி ஒன்று உண்டு. அது குலத்தொழிலாக இசைப்பவர்களுக்கு உரியது. கூடாரத்தையும் தாயையும் விட்டுவிட்டு எல்லை தாண்டிப் போன இளைஞர்களுக்கு இவற்றில் எதுவும் கைக்கு உரியதாக இல்லை. முன்பு யாருக்கும் உரிமையாக இராத ஒரு கருவி அவர்களுக்கு வேண்டியிருந்தது, அந்த இடத்தைக் கிட்டார் பிடித்தது.

அவர்கள் ஏன் போனார்கள் என்பதையும் கூட்டத்தில் சொல்ல வேண்டும். 1960இல் மாலியும் நைஜரும், 1962இல் அல்ஜீரியாவும் விடுதலை பெற்றபோது, மந்தைகளோடு ஒரே வெளியில் நடமாடிய மக்கள் தனித்தனி நாடுகளின் ஓரங்களில் சிறுபான்மையினராகிப் போனார்கள். மாலியின் வடக்கே எழுந்த முதல் கிளர்ச்சியை அரசுப் படை கடுமையாக ஒடுக்கியது. அதில் 1963ஆம் ஆண்டு தன் தந்தை கொல்லப்பட்டதை நான்கு வயதளவில் கண்ட சிறுவன்தான், பின்னாளில் தினாரிவெனைத் தொடங்கிய இப்ராஹிம் அக் அல்ஹபீப். எழுபதுகளின் தொடக்கத்தில் நீடித்த வறட்சி மந்தைகளை அழித்தபோது மேலும் ஏராளமானோர் அல்ஜீரியாவின் தமன்ராசெட் நகரத்துக்கும் லிபியாவுக்கும் கூலி தேடிப் போனார்கள். வேலையற்றவன் என்று பொருள்படும் ‘ஷோமர்’ என்ற பிரெஞ்சுச் சொல் அவர்கள் வாயில் ‘இஷுமார்’ ஆகி, ஒரு தலைமுறைக்கே பெயராக நின்றுவிட்டது.

இப்ராஹிம் திரைப்படம் ஒன்றில் குதிரைவீரன் கிட்டார் வாசிப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு தகர டின், ஒரு குச்சி, மிதிவண்டியின் பிரேக் கம்பி ஆகியவற்றைக் கொண்டு தனக்கு ஒரு கிட்டார் செய்துகொண்டார் என்பது பலரும் அறிந்த செய்தி. சென்ற ஆண்டு என் மாணவர்களோடு சேர்ந்து அதைச் செய்து பார்த்தேன். பிரேக் கம்பி பல இழைகளை முறுக்கிய கம்பி. அதை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் கணீரென்று ஒலிக்காது, அடித்தொண்டையில் உறுமும். விரல் நுனி கன்றிப்போகும். நான்கைந்து சுரங்களுக்கு மேல் அதில் பிடிக்க முடியவில்லை. அவற்றுக்குள் ஒரு மெட்டை ஓட்ட முயன்ற பிறகுதான், தினாரிவெனின் மெட்டுகள் குறுகிய எல்லைக்குள் திரும்பத் திரும்ப நடப்பதை என் காது சரியாகக் கேட்கத் தொடங்கியது.

பல பாடல்கள் ஐந்து சுரங்களில் அமைந்தவை. நம் சுத்த தன்யாசி தெரிந்தவர்களுக்கு அந்தப் பாதை உடனே பழகிவிடும். கட்டைவிரல் கனத்த கம்பியைத் தட்டிக்கொண்டே இருக்கும், அது தம்புராவின் சுருதி போல அடியில் ஓடும். மற்ற விரல்கள் மேலே மெட்டைச் சொல்லும். நீங்கள் கேட்ட இடம் எது என்றால், பாடலின் தொடக்கம் என்பேன். பெரும்பாலும் ஒரே ஒரு கிட்டார், தாளம் இல்லாமல், ஆலாபனை போலத் தயங்கித் தயங்கிச் சில சொற்றொடர்களை வாசிக்கும். பிறகு கைதட்டல் சேரும், அடுத்த கிட்டார் சேரும், ஒருவர் பாட மற்றவர்கள் சேர்ந்து பதில் பாடுவார்கள். தனித்திருந்தவனைத் தேடி ஆட்கள் வந்து சேர்வதை அந்த முதல் ஒரு நிமிடத்தில் மொழி தெரியாமலே கேட்கலாம். கூட்டத்தில் அந்தப் பகுதியை இரண்டு முறை ஒலிக்கவிடுங்கள்.

தஞ்சோங் பகார் பழையவர்:

அம்மா, வணக்கம். எனக்கு இசை இலக்கணம் தெரியாது. என் பேத்தி இந்தப் பக்கத்தைக் காட்டியதால் எழுதுகிறேன். அவள் எனக்கு நான்கு பாடல்களைப் போட்டுக் காட்டினாள். அவற்றைவிட, இந்தப் பாடல்கள் ஒலிநாடா வழியாகப் பரவின என்று அவள் சொன்னதுதான் என்னை உலுக்கியது.

எண்பதுகளில் தினாரிவென் குழுவினர் லிபியாவின் இராணுவப் பயிற்சி முகாம்களில் இருந்தபோது, வெற்று ஒலிநாடாவைக் கொண்டுவந்து கொடுத்த எவருக்கும் காசு வாங்காமல் பாடிப் பதிந்து கொடுத்தார்களாம். அந்த நாடாவிலிருந்து இன்னொரு நாடா, அதிலிருந்து மற்றொன்று என்று பாலைவனம் முழுவதும் போயிருக்கிறது. எங்கள் வீட்டிலும் அதே காலத்தில் ஒலிநாடாதான் ஊருக்கும் எனக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. நான் துறைமுகத்தில் வேலை பார்த்தேன். பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த என் தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சிதம்பரம் கப்பலில் ஊருக்குப் போகிறவர் யாராவது கிடைத்தால், ஒரு நாடாவில் பேசிக் கொடுத்தனுப்புவேன். அம்மா அதைக் கேட்டுவிட்டு அதே நாடாவில் தன் பதிலைப் பேசித் திருப்பியனுப்புவார். வேறு நாடா வாங்க அவருக்கு வழியில்லை. ஆகவே என் குரலை அழித்துத்தான் அவர் குரல் வரும், அவர் குரலை அழித்துத்தான் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பதிவுப் பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் கை தயங்கும்.

ஒரு நாடாவுக்கு மட்டும் நான் பதில் பதியவில்லை. பதிவதற்குள் விடுப்புக் கிடைத்து நானே ஊருக்குப் போய்விட்டேன். அந்த ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் அம்மா வயல் கணக்கும் கன்றுக்குட்டியின் நோயும் சொல்லிவிட்டு, “சரிப்பா, உடம்ப” என்பதோடு நாடா தீர்ந்துவிடுகிறது.

இதெல்லாம் உங்கள் கேள்விக்கு விடையாகுமா என்று தெரியவில்லை. அசூஃப் என்பதற்கு ஊரில் நாங்கள் சொன்ன சொல் ‘ஏக்கம்’ என்பதுதான். பிள்ளை ஏங்கிப்போனான் என்பார்கள். சோறு இறங்காது, உடம்பு இளைக்கும்.

யீஷூன் தமிழாசிரியை:

பெரியவரின் பதிவைப் படித்தபின் உடனே எழுத முடியவில்லை. ஐயா, ஏக்கம் என்பது நல்ல சொல். ஆனாலும் அசூஃபில் ஏக்கத்தோடு வேறொன்றும் இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

அந்தச் சொல் மனநிலையை மட்டும் குறிக்கவில்லை, ஓர் இடத்தையும் குறிக்கிறது. இரவில் கூடாரங்களுக்கு நடுவே எரியும் தீயின் வெளிச்சம் எட்டுகிற எல்லைக்கு அப்பால் இருக்கும் இருண்ட வெளி அசூஃப். அங்கே வாழ்வதாக நம்பப்படும் ஆவிகளுக்கு ‘கெல் எசூஃப்’, அதாவது அந்தத் தனிவெளியின் மக்கள் என்று பெயர். தன் மக்களைப் பிரிந்து தனியாக இருக்கிறவன் மனத்தளவில் அந்த வெளியில் நிற்கிறான். நிலமும் உணர்வும் ஒரே சொல்லில் அடங்குவது தமிழருக்குப் புதிதன்று. நம் திணைக்கோட்பாடு முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. ஆகவே முதலில் எனக்கும் ‘பாலை’ என்றே தோன்றியது. பிரிவின் திணை அது. குறிஞ்சியும் முல்லையும் வறண்டு திரிந்த நிலம் அது. எழுபதுகளில் மேய்ச்சல் நிலம் கருகிய கதைக்கு வேறு என்ன பெயர் வேண்டும் என்று நினைத்தேன்.

பின்னர் அந்தப் பாடல்களின் மொழிபெயர்ப்புகள் சிலவற்றைப் படித்தபோது என் எண்ணம் மாறியது. நம் பாலை, தலைவன் கடந்து போகும் வழி. அங்கே யாரும் வீடு கட்டி வாழ ஏங்குவதில்லை. துவாரெக் பாடகருக்குப் பாலைவனம்தான் வீடு. அவர்கள் அதைத் ‘தெனெரே’ என்கிறார்கள். தினாரிவென் என்ற பெயரே அச்சொல்லின் பன்மை, ‘பாலைவனங்கள்’ என்று பொருள். நகரத்தின் சுவர்களுக்கு நடுவே இருந்துகொண்டு மணலுக்காகவும் ஒட்டகத்துக்காகவும் கிணற்றுக்காகவும் அவர்கள் ஏங்குகிறார்கள். ‘பாலையின் இசை’ என்று தலைப்பிட்டால், அவர்கள் எதற்காக ஏங்குகிறார்களோ அதையே அவர்களுடைய துன்பமாகக் காட்டிவிடுவோம். 2012இல் ஆயுதக்குழுக்கள் மாலியின் வடபகுதியைக் கைப்பற்றி இசையையே தடைசெய்த பிறகு, ஊரில் பதிவு செய்ய முடியாத தினாரிவென் குழுவினர் தங்கள் அடுத்த இசைத்தொகுப்பைப் பதிவு செய்யக் கடல் கடந்து கலிஃபோர்னியாவுக்குப் போனார்கள். 2014இல் வெளிவந்த அந்தத் தொகுப்பு அங்கேயும் ஜாஷுவா ட்ரீ என்னும் பாலைவனப் பகுதியில்தான் பதிவானது.

‘புலம்பெயர்வு’ உங்களுக்கு உறுத்தியது சரியே. இங்கே நம்மில் பலருடைய முன்னோர் புலத்தை விட்டுப் பெயர்ந்தவர்கள். கப்பல் இருந்தது, திரும்பிப் போகும் வழியும் ஒருவாறு இருந்தது. துவாரெக் மக்களுடைய நிலத்தின் மீதோ மற்றவர்கள் கோடு கிழித்தார்கள். துவாரெக் என்பதுகூட வெளியார் வைத்த பெயர். அவர்கள் தங்களைக் ‘கெல் தமாஷெக்’, தமாஷெக் பேசும் மக்கள், என்று சொல்லிக்கொள்கிறார்கள். மொழியால் தம்மைப் பெயரிட்டுக்கொள்ளும் மக்கள் என்ற இந்த ஒற்றுமையைக் கூட்டத்தில் அவசியம் சொல்லுங்கள், நம்மவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

என் பரிந்துரை ‘புலம்பு’ என்னும் பழஞ்சொல். தொல்காப்பியம் புலம்பு என்பதற்குத் தனிமை என்றே பொருள் சொல்கிறது. துணையைப் பிரிந்த தனிமையும் ஆளற்ற இடத்தின் வெறுமையும் பழம்பாடல்களில் அச்சொல்லுக்குள் வருகின்றன. ‘புலம்பெயர்’ என்பதில் உள்ள புலத்தோடு இதற்குத் தொடர்பில்லை, ஓசை ஒற்றுமைதான்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். இதை ஆண்களின் கதையாக மட்டும் சொல்லிவிடாதீர்கள். நைஜரின் இல்லிகாடாட் என்னும் சிற்றூரிலிருந்து வந்த ‘லே ஃபீய் த இல்லிகாடாட்’ குழுவை ஒலிக்கவிடுங்கள். அதன் ஃபாத்து செய்தி காலி, துவாரெக் பெண்களில் முதன்முதலாகக் கிட்டார் எடுத்த மிகச் சிலருள் ஒருவர். அவர்கள் கிட்டாரை மீண்டும் டெண்டேயின் பக்கத்தில் கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறார்கள். டெண்டே என்பது வேறொன்றுமில்லை, தானியம் குத்தும் உரல். அதன் வாயில் ஈர ஆட்டுத்தோலைப் போர்த்தி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உலக்கைகளைப் பிணைத்து, அவற்றின் மேல் பெண்கள் அமர்ந்து தம் எடையால் தோலை விறைக்கவைப்பார்கள். பாட்டு முடிந்ததும் தோலை அவிழ்த்துவிட்டால் அது மறுபடியும் உரல்தான். போனவர்களின் பாட்டு கிட்டாரில் வந்தது என்றால், தங்கியிருந்தவர்களின் பாட்டு இந்த உரலில் இருந்தது.

துவாஸ் இரவுப்பணி:

அனைவருக்கும் வணக்கம். ஒலிநாடாவைப் பற்றி ஐயா எழுதியதைத் தொடர்ந்து ஒரு செய்தி. நைஜரைச் சேர்ந்த எம்டூ மொக்தார் என்ற கலைஞரும் மிதிவண்டிக் கம்பியால் தன் முதல் கிட்டாரைச் செய்தவர். அவருடைய தொடக்ககாலப் பாடல்கள் கைப்பேசியின் நினைவக அட்டைகள் வழியாகக் கைக்குக் கை மாறித்தான் சகாராவில் பரவின. எங்கள் விடுதி அறையிலும் அப்படித்தான் பாட்டு பரவும். ஒருவர் பதிவிறக்குவார், பன்னிரண்டு பேரும் வாங்கிக்கொள்வோம். அவருடைய பாட்டை நான் அப்படிக் கொடுத்ததில் இப்போது அறையில் நால்வர் கேட்கிறார்கள்.

இஷுமார் என்ற சொல்லைப் படித்தபோது நெஞ்சில் தைத்தது. வேலை தேடி வந்த வரையில் நாங்களும் அவர்களும் ஒன்று. ஆனால் என் வேலை அனுமதிச் சீட்டில் ஒரு தேதி இருக்கிறது, அந்தத் தேதிக்குப் பிறகு நான் போய் நிற்க ஒரு வாசல் இருக்கிறது. அவர்களையும் எங்களையும் ஒன்றாக்கிப் பேச வேண்டாம் என்பதில் நான் ஆசிரியை பக்கம்.

ஆறுகம்பி:

புலம்பு என்ற சொல்லின் அழகை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் ஒரு தடை சொல்ல வேண்டியிருக்கிறது. இன்று அந்தச் சொல்லைக் கேட்கும் எவருக்கும் ‘புலம்பல்’ என்பதுதான் காதில் விழும், ஒருவர் மூலையில் உட்கார்ந்து அழுவதுதான் நினைவுக்கு வரும். இந்த இசை அழுகைக்குள் நின்றுவிடுவதில்லை. துவாரெக் கிட்டார் கலைஞர் பொம்பினோவை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வயதளவில், 1990இல் நைஜரிலிருந்து குடும்பத்தோடு அல்ஜீரியாவுக்குத் தப்பியவர் அவர். 2007இல் தொடங்கிய கிளர்ச்சியின்போது அவரோடு வாசித்த இருவரை இராணுவம் கொன்றது, அவர் புர்கினா ஃபாசோவுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபின் 2010இல் அகடேஸ் நகரின் பெரிய பள்ளிவாசலை ஒட்டிய வெளியில் கச்சேரி செய்தார். ஊரே கூடி ஆடியது. அசூஃபைப் பாடும்போதே கால்கள் ஆடுகின்றன என்பதை உங்கள் சொல் தடுத்துவிடக் கூடாது.

யீஷூன் தமிழாசிரியை:

உங்கள் தடை நியாயமானது. தலைப்பில் வேண்டாம், விளக்கத்தில் ஓரிடத்தில் சொன்னால் போதும். கூடவே, இது முடிந்துபோன கதை என்ற எண்ணமும் கூட்டத்தில் வந்துவிடக் கூடாது. தினாரிவெனின் 2001ஆம் ஆண்டுத் தொகுப்பு மாலியின் கிடால் நகர வானொலி நிலையத்தில் பதிவானது. அதே கிடாலை 2023 நவம்பரில் மாலி இராணுவம் ரஷ்யக் கூலிப்படையினரின் துணையோடு கைப்பற்றியபோது மக்கள் மறுபடியும் எல்லையை நோக்கிப் போனார்கள். மௌரித்தானியாவின் எம்பெரா முகாமில் மாலியிலிருந்து வந்த ஏதிலிகள் ஒரு லட்சத்துக்கும் மேல். அங்கே துவாரெக் மக்களோடு அரபுக் குடும்பங்களும் மற்றவர்களும் இருக்கிறார்கள்.

அங் மோ கியோ தொண்டூழியர்:

எல்லாருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. தலைப்பில் ‘அசூஃப்’ என்ற சொல்லை அப்படியே வைக்கிறேன். தீயின் வெளிச்சம் முடிகிற இடத்திலிருந்து பேச்சைத் தொடங்குவேன். ஏக்கம், புலம்பு இரண்டையும் அதன் பக்கத்தில் வைப்பேன். முதலில் ஒலிக்கப்போவது 2011இல் வந்த தினாரிவெனின் ‘தஸ்ஸிலி’ தொகுப்பு. அல்ஜீரியப் பாலைவனத்தில் மின்கிட்டார்களை ஒதுக்கிவைத்து வெறும் மரக்கிட்டார்களோடு அவர்கள் பதிவு செய்தது அது. 2012இல் கிராமி விருதும் பெற்றது. தயங்கித் தயங்கி வரும் அந்தத் தொடக்கங்கள் அதில் தெளிவாகக் கேட்கின்றன, ஆறுகம்பி அவர்கள் சொன்னபடி இரண்டு முறை போடுவேன். அடுத்து உரலும் கிட்டாரும்.

தஞ்சோங் பகார் ஐயா, உங்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். உங்கள் தாயாரின் நாடாவைக் கூட்டத்துக்குக் கொண்டுவர முடியுமா? ஒலிக்கவிட வேண்டும் என்றுகூட இல்லை, உங்களுக்கு விருப்பமிருந்தால் மட்டும்.

தஞ்சோங் பகார் பழையவர்:

கொண்டுவருகிறேன் அம்மா. ஒலிக்கவும் விடலாம், அம்மா பேசுவதைக் கேட்க எனக்கும் ஆசைதான். ஆனால் என் பழைய கருவியில் உள்ளே ஓடும் ரப்பர் வார் இளகி அறுந்துவிட்டது. முன்பெல்லாம் இத்தகைய சாமான்களுக்குச் சுங்கை ரோடு சந்தைக்குப் போவேன். அது 2017இல் மூடிய பிறகு எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை.

ஆறுகம்பி:

ஐயா, என்னிடம் நன்றாக ஓடும் கருவி ஒன்று இருக்கிறது. தோ பாயோவில் இருக்கிறேன். கூட்டத்துக்கு முந்தைய சனிக்கிழமை உங்கள் வீட்டுக்கே எடுத்துவருகிறேன். பழைய நாடா இறுகியிருக்கும், முதலில் இருபுறமும் ஒருமுறை மெதுவாகச் சுற்றிவிட்டுத்தான் ஒலிக்கவிட வேண்டும். பதிவுப் பொத்தானின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டிக் கொண்டுவருகிறேன்.